காருக்கடியில் ஒரு செய்தித்தாள்

வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தியதும் அதற்கு அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வைப்பது அவருடைய வழக்கம். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் குனிந்து அதை இழுத்துப் பார்ப்பார். சுத்தமாக இருக்கும். இருந்தால் பேசாமல் மடித்து வைக்க வேண்டியதுதானே? மாட்டார். தெருவில் போகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி உதறி, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் மடிப்பார். எதிர்வீட்டு வங்கிக்காரர் இரண்டு வருடம் முன்புதான் புதுக் கார் வாங்கினார். அது நிற்கும் இடத்தில் தரையில் கறுப்பாக ஒரு வட்டம் உண்டு. "என்ன சார், உங்க வண்டிக்குச் சளி இன்னும் நிக்கலையா?" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்காவிட்டால் இவருக்கு அந்த வாரம் கணக்கிலேயே சேராது.

முப்பத்தோரு வருடம் வாடகைக்கு ஓட்டியவர். அதில் இருபத்து நாலு வருடம் இதே டீசல் கார். மீட்டரில் ஆறு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர். இன்ஜினை ஒரு தடவைகூடப் பிரித்ததில்லை. இதை அவர் சொல்லிச் சொல்லித் தெருவில் எல்லோருக்கும் மனப்பாடம். ஓட்டுவதை விட்டு ஆறு வருடம் ஆன பிறகும் கட்டிய மனைவி முதற்கொண்டு எல்லோரும் அவரை டிரைவர் என்றுதான் சொல்வார்கள். மனைவி சொல்லும்போது மட்டும் அதில் கொஞ்சம் காரம் இருக்கும்.

படிப்பு மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். எண்கள் அப்படியில்லை, ஒருமுறை கண்ணில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். மனிதர்களை நம்புவது என்பது அவருக்கு வராத வித்தை. டீசல் பங்கில் மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று இறங்கிப் போய்க் கண்ணாடி போட்டுப் பார்ப்பார். ஒரு டாக்டர் எழுதிய மாத்திரையை இன்னொரு டாக்டரிடம் காட்டுவார். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால், "பேசி வச்சுக்கிட்டானுங்க" என்பார்.

அப்படிப்பட்டவருடைய செய்தித்தாளில் ஒரு நாள் காலையில் ஒரு சொட்டு கிடந்தது.

கறுப்பு. சட்டைப் பொத்தான் அளவு. அவர் அன்றைக்குப் பேப்பரை உதறவில்லை. நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனார். நல்லவேளையாக மனைவியும் மகனும் அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தார்கள். மகள் ஆஸ்பத்திரியில் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். பானெட்டைத் திறந்து விளக்கு அடித்துப் பார்த்தார். இன்ஜினின் உச்சியில் தொப்பி மாதிரி ஒரு மூடி இருக்கும், டேப்பட் கவர். அதற்கு அடியிலுள்ள ரப்பர் பேக்கிங் வயதாகிக் கல்லாகிப் போயிருந்தது. அங்கிருந்து கசிந்த ஆயில் இன்ஜினின் முதுகு வழியாக இறங்கித் தரைக்கு வந்திருக்கிறது.

இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. எந்தப் பழைய வண்டியிலும் நடப்பதுதான். ஆனால் ஊருக்கே மூக்கு ஒழுகுகிறது என்று சொன்னவர் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்க முடியுமா? பாகங்கள் விற்கும் கடையில் கசிவை அடைக்கிற சாம்பல் நிறப் பேஸ்ட் ஒரு ட்யூப் வாங்கினார். இன்ஜின் மூடியைக் கழற்றினார். பாதி ட்யூப் தாராளமாகப் போதும். அவர் முழுசையும் பிதுக்கிப் போட்டு, மூடியை வைத்து முறுக்கினார். வெளியே பிதுங்கியதைத் துணியால் வழித்தார். உள்ளே பிதுங்கியதை யார் பார்த்தார்கள்?

காலியான ட்யூபைக் குப்பையில் போடவில்லை. குப்பையை யாராவது கிளறினால்? சொட்டு விழுந்த பேப்பரோடு சேர்த்துக் கருவிப் பெட்டியின் அடித்தட்டில் போட்டு மேலே ஸ்பேனர்களை அடுக்கினார். மறுநாள் பேப்பர் சுத்தம். உதறினார். வங்கிக்காரரைக் கேட்டார். உலகம் பழையபடி ஆனது.

ஒரு மாதம் போயிருக்கும். மகளுக்கு உத்தரவு வந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவளை, மலைக்கு அந்தப் பக்கம் எழுநூறு கிலோமீட்டர் தள்ளி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு, அங்குள்ள கூடத்துக்கே பொறுப்பாளராகப் போட்டிருந்தார்கள். டிரைவர் அந்தத் தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டு அதைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"நான் கொண்டுபோய் விடறேன்," என்றார்.

"எதுல?" என்றான் மகன்.

"எதுலன்னா? நம்ம வண்டியிலதான்."

மகன் சாப்பிடுவதை நிறுத்தினான். கெட்டவன் இல்லை. ஆனால் எதையும் நேராகப் பேசுகிறவன், அப்பனைப் போலவே. "அப்பா, அது தெருவுக்குள்ள ஓடுற வரைக்கும் நான் வாயைத் திறக்கல. மலையில, சாமான் மூட்டையோட, தங்கச்சியையும் வச்சுக்கிட்டு பாதி வழியில படுத்துக்கிச்சுன்னா என்ன பண்ணுவீங்க? பேப்பரை விரிச்சு உக்காந்துக்குவீங்களா?"

"என் வண்டி இதுவரைக்கும் எங்கடா படுத்துச்சு? சொல்லு பாப்போம்."

"இதுவரைக்கும் படுக்கலைங்கிறதுதாம்ப்பா எனக்கு பயமே. பழைய இரும்புக்காரரு ரெண்டு தடவை வந்து கேட்டுட்டாரு. மரியாதையா இருக்கும்போதே குடுத்துடலாம்."

"இரும்புக்குப் போடறதா இருந்தா என்னையும் சேர்த்துப் போடு. எடை கூட வரும்."

மனைவி குழம்பைக் கிளறிக்கொண்டே, "டிரைவர் அவ்வளவு எடை வரமாட்டாரு. வாய் மட்டும்தான் கனம்," என்றாள்.

மகள்தான் வழி சொன்னாள். தொழிற்பேட்டையில் ஒரு சோதனைக்கூடம் இருந்தது. பேருந்துக் கம்பெனிகளும் லாரிக்காரர்களும் ஓடிய இன்ஜின் ஆயிலை அங்கே கொடுத்துச் சோதிப்பார்கள். இன்ஜினுக்குள்ளே எது தேய்ந்தாலும் அதன் துகள் ஆயிலில் கலக்கும். எந்த உலோகம் எவ்வளவு என்று அளந்தால், பிரித்துப் பார்க்காமலே உள்நிலைமை தெரிந்துவிடும். "நாங்க ரத்தம் எடுத்துப் பாக்குறோமே, அதே மாதிரிதாம்பா. ரிப்போர்ட் நல்லா வந்தா நீங்களே என்னைக் கொண்டுபோய் விடுங்க. கெட்டு வந்தா சாவியை அண்ணன்கிட்ட குடுத்துடணும். சம்மதமா?"

"ஒரு பாட்டிலைப் பாத்து எவனோ என் வண்டியைப் பத்திச் சொல்லுவான், நான் கேக்கணுமா?"

"பயமா இருந்தா வேண்டாம்ப்பா."

"யாருக்குடி பயம்? எடு பாட்டிலை!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆயில் எடுத்தார்கள். வண்டியைப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கி, அவர் அடியில் படுத்து, ஆயிலை வடிக்கிற ட்ரெயின் நட்டைத் தளர்த்தினார். மகள் கையுறை போட்டுக்கொண்டு, கூடத்தில் கொடுத்த புதுப் பாட்டிலை நீட்டினாள். "முதல்ல வர்றது வேண்டாம்ப்பா. அதைக் கீழ விட்டுட்டு நடுவுல வர்றதைப் பிடிங்க."

"மூத்திர டெஸ்டுக்குச் சொல்ற மாதிரியே சொல்றியே?"

"விஷயம் ஒண்ணுதான். முதல்ல வர்றதுல குழாய் அழுக்கு இருக்கும்."

அவருக்கு அது பிடித்திருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

பாட்டிலோடு ஒரு படிவமும் கொடுத்திருந்தார்கள். மகள் பானெட் மேலேயே வைத்து எழுதினாள். வண்டியின் வயது. மொத்தக் கிலோமீட்டர். இந்த ஆயில் ஓடியது ஏழாயிரம். இடையில் ஊற்றியது அரை லிட்டருக்கும் குறைவு. கடைசியாக ஒரு கட்டம். "சமீபத்துல இன்ஜின்ல ஏதாவது வேலை செஞ்சீங்களான்னு கேட்டிருக்காங்க."

மகன் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எதிர்வாசலில் வங்கிக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்.

"ஒண்ணும் செய்யலன்னு எழுது," என்றார் டிரைவர். கொஞ்சம் உரக்கவே.

எழுதினாள்.

பாட்டிலை அவரேதான் கொண்டுபோனார். போவதற்கு முன்னால் மூடியில் ஆணியால் ஒரு கீறல் போட்டார், மாற்றிவிட்டால் தெரிய வேண்டுமே. கவுண்டரில் இருந்த பெண்ணிடம் இயந்திரத்தைக் காட்டச் சொன்னார். வெளியாட்களை விடுவதில்லை என்றாள். "அப்போ உள்ள என்னமோ இருக்கு," என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஐந்தாம் நாள் ரிப்போர்ட் வந்தது. மகள் ஆஸ்பத்திரியிலேயே அச்செடுத்து மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மேசையில் தாளை விரித்தாள். வரிசையாக எண்கள். ஒன்றைத் தவிர எல்லாம் பச்சைக் கட்டத்தில். அந்த ஒன்று சிவப்பில்.

மகன் வாசித்தான். "சிலிக்கான் அறுபத்தி ஒண்ணு. இருபதுக்குள்ள இருக்கணுமாம். இன்ஜினுக்குள் தூசி புகுவதாகத் தெரிகிறது. தேய்மானம் விரைவில் கூடலாம். காற்று வரும் வழியைச் சரிபார்க்கும் வரை நீண்ட பயணம் வேண்டாம்." தாளைக் கீழே வைத்தான். குரலில் சந்தோஷம் எதுவும் இல்லை. "மண்ணுதாம்ப்பா சிலிக்கான். வண்டி மண்ணைத் தின்னுட்டிருக்கு."

"பொய்," என்றார் அவர்.

"மூடியில கீறல் இருந்துச்சா இல்லையான்னு போய்ப் பாருங்களேன்," என்றாள் மனைவி. யாரும் சிரிக்கவில்லை.

மகன் போனை எடுத்து வெளியே போய்ப் பழைய இரும்புக்காரரிடம் பேசினான். நாலு மணிக்கு வருவதாகச் சொன்னாராம். பேச்சு பேச்சுதான், சம்மதித்தது இவர்தானே. டிரைவர் சாவிக்கொத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடி பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

மகள் மட்டும் தாளை விடவில்லை. பேனாவால் ஒவ்வொரு வரியாகத் தட்டிக்கொண்டே வந்தாள். "இதுல என்னமோ இடிக்குதுப்பா. தூசி உள்ள போனா உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி தேய்க்கும். இரும்பு ஏறியிருக்கணும். அலுமினியம் ஏறியிருக்கணும். இங்க பாருங்க, இந்த மாதிரி இன்ஜினுக்குச் சராசரி இரும்பு முப்பத்தி நாலு. நம்மளது இருபத்தி ஒண்ணு. அலுமினியம் மூணு. இவங்கள்ளாம் நிம்மதியா தூங்குறாங்க, ஒரே ஒருத்தன் மட்டும் கூரையில ஏறி நின்னு கத்துறான்."

"அப்படின்னா?"

"எங்க கூடத்துல சில சமயம் பொட்டாசியம் எகிறி நிக்கும். அந்த அளவுக்கு இருந்தா ஆளு படுத்த படுக்கையா இருக்கணும். அவரோ வெளிய பெஞ்சுல உக்காந்து பக்கத்துல உள்ளவர்கிட்ட கதை பேசிட்டிருப்பாரு. அப்போ நாங்க ஆளைச் சந்தேகப்பட மாட்டோம். ரத்தத்துல வெளியிலேருந்து என்ன சேர்ந்துச்சுன்னு தேடுவோம்." பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "இன்ஜின்ல எதையாவது திறந்தீங்களாப்பா? எதையாவது பூசினீங்களா?"

அவர் மகனைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "இல்ல."

சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். கதவை மூடினார். வெயிலில் இருக்கை சுட்டது. ஸ்டியரிங் சக்கரத்தில் அவர் கை பிடிக்கிற இரண்டு இடங்கள் மட்டும் வழுவழுப்பாக, கறுப்பு போய்ச் சாம்பலாகி இருந்தன. இதே வண்டியில்தான் மகளைப் பரீட்சைக்குக் கொண்டுபோய் விட்டார், வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கும் விட்டார். இந்தக் கடைசி ஒன்றுக்கு மட்டும் வேறு எவனோ ஓட்டுகிற வண்டியில் போவாள். சொன்னால் வண்டி பிழைக்குமா என்பதும் நிச்சயமில்லை. தெரு சிரிக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. மகள் சோதனைக்கூடத்தோடு போனில் பேசுவது கேட்டது.

"இல்ல சார், படிவத்துல எழுதினது சரிதான். நான்தான் எழுதினேன், அவர் பக்கத்துல நின்னு சொன்னாரு... மறந்திருக்க மாட்டாரு சார். அந்த வண்டியில ஒரு நட்டு மாத்தினாக்கூட தேதி சொல்லுவாரு... இல்லங்க. எங்கப்பா கோவிப்பாரு, கத்துவாரு, ஊர்ல ஒருத்தரையும் நம்ப மாட்டாரு. ஆனா பொய் சொல்ல மாட்டாரு."

டிரைவர் இறங்கினார். பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்து, கருவிப் பெட்டியை இழுத்து, ஸ்பேனர்களை அள்ளித் தரையில் போட்டார். சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

உள்ளே வந்தவர், நசுங்கிய சாம்பல் ட்யூபையும் நாலாக மடித்த ஒரு செய்தித்தாளையும் ரிப்போர்ட்டின் மேலேயே வைத்தார். செய்தித்தாளில் அந்தச் சொட்டு காய்ந்து பரவியிருந்தது.

"ஒழுகிச்சு," என்றார். "டேப்பட் கவர். நான்தான் பூசினேன். முழு ட்யூபு. ஃபாரத்துல பொய் சொன்னேன்."

மனைவிதான் முதலில் வாய் திறந்தாள். "நாங்க எங்கண்ணன் வீட்டுக்குப் போன அன்னிக்கா? அதான் அன்னிக்கு வந்து பாத்தப்ப என் நல்ல துணியைக் காணோம்!"

மகள் ட்யூபைத் திருப்பி, கழுத்தருகில் எறும்பு மாதிரி அச்சடித்திருந்ததை ஜன்னல் வெளிச்சத்தில் படித்தாள். படித்ததும் சிரித்துவிட்டாள். போன் இன்னும் கையில்தான் இருந்தது. அதை மேசையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினாள். "சார், சிலிக்கான் பேஸ்ட். முழு ட்யூப் போட்டிருக்காரு. ஒரு மாசம் ஆகுது."

அந்தப் பக்கம் இருந்தவர் வயதானவர் போலிருந்தது. "முழு ட்யூபா? யாரும்மா அவரு, இன்ஜினுக்கா பூசினாரு, சுவருக்கா?" என்றார். "அட, இதை அன்னிக்கே எழுதியிருந்தா நான் சிவப்பே போட்டிருக்க மாட்டேனே. புதுசா பேஸ்ட் பூசினா அதுலேருந்து கொஞ்ச நாளைக்கு ஆயில்ல இறங்கிக்கிட்டேதான் இருக்கும். இன்ஜினுக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனாலும் கண்ணால பாத்துடுங்க. ஏர் ஃபில்டருக்கு அப்புறம் இன்ஜினுக்குப் போற குழாய்க்குள்ள வெள்ளைத் துணி விட்டுத் துடைங்க. துணியில மண்ணு வந்தா நான் சொன்னது சரி. வரலைன்னா அந்தப் பெரியவர் ட்யூபுதான்."

மகன் எழுந்தான். அலமாரியிலிருந்து தன்னுடைய புதுக் கைக்குட்டை ஒன்றை எடுத்தான், வெள்ளைவெளேர் என்று. அப்பாவை ஒதுங்கச் சொல்லிவிட்டு அவனே குழாயைக் கழற்றினான். கைக்குட்டையைச் சுற்றிய விரலை முழுக்க உள்ளே விட்டு, ஒரு சுற்று, இன்னொரு சுற்று. வெளியே எடுத்து வெயிலில் விரித்துப் பிடித்தான். வாசலில் நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள். மடித்து வைத்த மடிப்பு தெரிந்தது. வேறொன்றும் இல்லை.

மகன் அதை உதறினான். முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினான், சரியாக அப்பனைப் போலவே. எதிர்வாசலில் வங்கிக்காரர் தண்ணீர்க் குழாயை மூட மறந்து நின்றார்.

மகள் கையோடு எடுத்து வந்திருந்த போன் இன்னும் அணையவில்லை. "சுத்தமா இருக்கு சார்," என்றாள் மகள்.

"அப்போ திருத்தி அனுப்பறேன். மூவாயிரம் கிலோமீட்டர் ஓடினதும் இன்னொரு பாட்டில் குடுங்க, அந்த எண் இறங்கியிருக்கும். ஆமா, ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். ஆறு லட்சம் ஓடின வண்டியில இரும்பு இருபத்தி ஒண்ணுங்கிறதை நான் அடிக்கடி பாக்கறதில்ல. இது யாரும்மா ஓட்டின வண்டி?"

மகள் போனை அப்பாவிடம் நீட்டினாள்.

"நான்தான்," என்றார் அவர்.

"நல்லா ஓட்டியிருக்கீங்க ஐயா."

"சரியா காதுல விழல. இன்னொரு தடவை சொல்லுங்க."

சத்தம் எல்லோருக்கும் நன்றாகவே கேட்டது. இன்னொரு தடவையும் சொன்னார்.

நாலு மணிக்குப் பழைய இரும்புக்காரர் வந்தார். மகன் வாயைத் திறப்பதற்கு முன் டிரைவர் முந்திக்கொண்டார். "வீடு மாறி வந்துட்டீங்க. தரையில கறுப்பு வட்டம் எந்த வீட்டுல இருக்கோ அங்க கேளுங்க."

எழுநூறு கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்பினார்கள். மலை ஏறும்போது மகள் இரண்டு தடவை வெப்பமானியை எட்டிப் பார்த்தாள். முள் நடுவில் நின்றது நின்றதுதான். வளைவுகளில் புது வண்டிகள் ஓரம் கட்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. அவற்றைத் தாண்டும்போது மட்டும் டிரைவர் ஒரு ஹாரன் அடித்தார். அவசியமே இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி ஊழியர் குடியிருப்பு வாசலில் நிறுத்தினார். இறங்கியதும் முதல் வேலையாகக் குனிந்து செய்தித்தாளை விரித்தார்.

மறுநாள் காலை எழுந்துவந்தபோது வாயில் காவலாளி வண்டியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுலயா ஐயா மலை ஏறி வந்தீங்க?"

டிரைவர் சட்டைப் பையிலிருந்து திருத்திய ரிப்போர்ட்டை எடுத்தார். எழுத்து படிக்க நேரமாகும், எண்ணுக்குப் படிக்கவே வேண்டியதில்லை. "இரும்பு இருபத்தி ஒண்ணு. மத்தவங்களுக்கு முப்பத்தி நாலு. இந்த அறுபத்தி ஒண்ணு இருக்கு பாருங்க, இது வண்டியோட குத்தம் இல்ல, என் கைவேலை. எங்க வீட்டுல ஒருத்தருக்கும் புரியல, மெஷின் வச்சிருந்தவனுக்கும் புரியல. என் மகதான் ஒரு பேனாவை வச்சுக்கிட்டுக் கண்டுபிடிச்சா. உங்க ஆஸ்பத்திரியில ரத்தம் பாக்குற கூடத்துக்கு இன்னியிலேருந்து அவதான் பொறுப்பு. உங்களுக்கு எதுவும் உடம்புக்குன்னா தைரியமா ரத்தம் குடுங்க. இன்னொரு இடத்துல காட்டணும்னு அவசியமில்ல."

காவலாளிக்கு இது எவ்வளவு பெரிய சான்றிதழ் என்று தெரியாது. தலையாட்டினார்.

அதற்குள் மகள் வந்துவிட்டாள். வெள்ளைக் கோட்டு, புது அடையாள அட்டை. அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குனிந்து பேப்பரை இழுத்தார்.

நடுவில் ஒரு சொட்டு. பொத்தான் அளவு. முழு ட்யூப் பூசியும்.

மடிக்கப் போன கை நின்றது. பேப்பரை அப்படியே விரித்து, காவலாளிக்கும் தெரிகிற மாதிரி, மகளிடம் நீட்டினார்.

"ஒழுகுதும்மா. அடுத்த ஃபாரத்துல எழுதிடு."

அவள் சிரித்தாள். "என்னன்னு எழுதட்டும்?"

"உள்ளதை எழுது. ஒரு சொட்டு." கொஞ்சம் யோசித்தார். "எழுநூறு கிலோமீட்டர் மலை ஏறி இறங்கினதுக்கு அப்புறம்னும் சேர்த்து எழுது."